பாலைவனத்தில் ஒரு பரிவ்ராஜகர்

வீடு என்பது இல்லறத்தாருக்குப் புகலிடம். துறவிக்கோ வானமே கூரை, மரத்தடியே மாளிகை, விரித்த கையே பிட்சைப் பாத்திரம். ஓரிடத்தில் நிலையாகத் தங்காமல், நாளையைப் பற்றிய கவலையின்றி, இறைவனை மட்டுமே நம்பித் திரியும் துறவியை 'பரிவ்ராஜகர்' என்று நமது மரபு அழைக்கிறது. காலங்காலமாக இந்த மண்ணில் எண்ணற்ற சாதுக்கள் இவ்வாறு வாழ்ந்துள்ளனர். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஆனால் அந்த வரிசையில் வந்த ஒருவரின் யாத்திரை இந்தியாவின் வரலாற்றையே மாற்றியது. அவர்தாம் சுவாமி விவேகானந்தர்.

சிகாகோ மேடையில் நின்ற விவேகானந்தரை உலகம் அறியும். அந்த மேடைக்கு முன்னர், மணலிலும் வெயிலிலும் பசியிலும் கழிந்த நாட்களே அவரை உருவாக்கிய நாட்கள். ராஜபுதனத்தின் வறண்ட நிலங்களிலும், மேற்குக் கடலோரப் பாலைவனத்திலும் அவர் கற்றுக்கொண்ட இரண்டு பாடங்கள், பின்னர் பெங்களூரிலும் மைசூரிலும் சோதனைக்கு உள்ளாயின. அந்த வரலாறு எண்ணி எண்ணிச் சிந்திக்கத் தக்கது.

கூரையற்ற வாழ்க்கை

1863-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் கல்கத்தாவில் வசதியான குடும்பம் ஒன்றில் பிறந்த நரேந்திரநாதர், தந்தையின் மறைவுக்குப் பின் வறுமையைச் சுவைத்தவர். 1886-இல் குருதேவர் ஸ்ரீராமகிருஷ்ணர் மகாசமாதி அடைந்தபின், சகோதரத் துறவியருடன் வராகநகரின் பாழடைந்த வீடு ஒன்றில் கடுந்தவம் புரிந்தார். 1890 ஜூலையில் அன்னை ஸ்ரீசாரதாதேவியின் ஆசியைப் பெற்று, சுவாமி அகண்டானந்தருடன் இமயத்தை நோக்கிப் புறப்பட்டார். ரிஷிகேசத்தில் கடும் காய்ச்சல் கண்டு மரணத்தின் வாயில்வரை சென்று மீண்டார். உடல் தேறியபின் மீரட்டில் சகோதரத் துறவியருடன் சில மாதங்கள் வாழ்ந்தார்.

அந்த அன்புப் பிணைப்பும் ஒரு தளையே என்று அவரது உள்ளம் உணர்ந்தது. 1891-இன் தொடக்கத்தில், தம்மை யாரும் பின்தொடரக் கூடாது என்று கூறிவிட்டுத் தனியே புறப்பட்டார். யாரும் தேடிக் கண்டுபிடித்துவிடாமல் இருக்க விவிதிஷானந்தர், சச்சிதானந்தர் என்று பெயர்களையும் மாற்றிக்கொண்டார். கையில் ஒரு தண்டம், ஒரு கமண்டலம். உடன் இரண்டு நூல்கள். ஒன்று பகவத்கீதை, மற்றொன்று ஏசுநாதரின் வழியில் வாழக் கற்பிக்கும் 'கிறிஸ்துவைப் பின்பற்றுதல்'. அவரது சொத்து இவ்வளவே.

பல காலம் அவர் பணத்தைத் தொடுவதில்லை என்ற உறுதியுடன் இருந்தார். உணவைக் கேட்டுப் பெறுவதில்லை, தானாக வருவதை மட்டுமே ஏற்பது என்ற விரதத்தையும் சில சமயங்களில் மேற்கொண்டார். நாட்கணக்கில் பட்டினி கிடந்ததுண்டு. பசியால் மயங்கிச் சாலையோரத்தில் விழுந்ததும் உண்டு. இது உடலை வருத்திப் பார்க்கும் சாகசமன்று. தம்மைக் காப்பவர் யார் என்பதை நேரடியாக அறியும் சாதனை. எல்லா ஆதாரங்களும் அகன்றபின் எது எஞ்சி நிற்கிறதோ, அதுவே உண்மையான ஆதாரம் என்பதை அவர் ஏட்டில் படித்திருந்தார். இப்போது வாழ்ந்து பார்க்கத் தொடங்கினார்.

கதவில்லாத குகை

1891 பிப்ரவரியில் ஆல்வாரை அடைந்த சுவாமிஜி, அங்கிருந்து ஜெய்ப்பூர், ஆஜ்மீர் வழியாகக் கோடைக்காலத்தில் அபு மலைக்குச் சென்றார். ராஜபுதனத்தின் வறண்ட நிலத்தின் நடுவே எழுந்து நிற்கும் குளிர்ந்த மலை அது. அங்கு ஒரு குகையில் அவர் தங்கினார். அந்தக் குகையில் அவருடன் இருந்தவை ஓரிரு கம்பளிகள், நீர்ப்பாத்திரம், சில நூல்கள் மட்டுமே.

அந்த வழியாகச் சென்ற முஸ்லிம் வக்கீல் ஒருவர் சுவாமிஜியின் முகப்பொலிவால் ஈர்க்கப்பட்டார். உரையாடலில் அவரது அறிவின் ஆழத்தைக் கண்டு வியந்து, தாம் ஏதேனும் சேவை செய்ய இயலுமா என்று பணிவுடன் வினவினார். மழைக்காலம் நெருங்குவதாகவும், குகைக்குக் கதவுகள் இல்லை என்றும், விரும்பினால் இரண்டு கதவுகள் செய்து தரலாம் என்றும் சுவாமிஜி கூறினார். வக்கீலோ தமது இல்லத்திற்கே வந்து தங்குமாறு வேண்டினார். தாம் முஸ்லிம் என்பதால் சுவாமிஜியின் உணவுக்குத் தனி ஏற்பாடு செய்வதாகவும் தெரிவித்தார். அந்தப் பேச்சைப் பொருட்படுத்தாமல் சுவாமிஜி அவருடன் சென்றார்.

அந்த இல்லத்திற்கு ஒருநாள் கேத்ரி மன்னரின் செயலாளர் ஜக்மோகன்லால் வந்தார். இந்துத் துறவி ஒருவர் முஸ்லிம் ஒருவரின் வீட்டில் தங்கலாமா, தொட்ட உணவை உண்ணலாமா என்பது அவரது கேள்வி. தாம் சமூகக் கட்டுப்பாடுகளைக் கடந்த சன்னியாசி என்றும், எல்லாவற்றிலும் பிரம்மத்தையே காண்பதால் தமக்கு உயர்வு தாழ்வு இல்லை என்றும் சுவாமிஜி விளக்கினார். அந்த விடையின் வேகம் ஜக்மோகன்லாலை ஆட்கொண்டது. அவர் வழியாகவே 1891 ஜூன் மாதம் கேத்ரி மன்னர் அஜித்சிங் சுவாமிஜியைச் சந்தித்து, அவரது சீடரானார்.

வெங்காற்றின் நாடு

கேத்ரி, ராஜஸ்தானின் ஷெகாவதி பகுதியில் உள்ளது. தார் பாலைவனத்தின் கிழக்கு ஓரம் அது. கோடையில் 'லூ' எனப்படும் அனல் காற்று அங்கு வீசும். தகுந்த பாதுகாப்பின்றி வெளியே செல்பவரின் உயிரையே பறிக்கக்கூடியது அது. அப்பகுதியில் கிணறுகளின் நான்கு மூலைகளிலும் உயர்ந்த தூண்களை எழுப்பியிருப்பார்கள். தொலைவில் வரும் வழிப்போக்கனுக்கு இங்கே நீர் உண்டு என்று அறிவிக்கும் அடையாளம் அது. நீரின் அருமை அறிந்த மக்கள், முன்பின் அறியாத மனிதனின் தாகத்தை எண்ணி எழுப்பிய தூண்கள் அவை.

அனல் காற்றிலிருந்து தலையைக் காக்க, ராஜபுதனத்து மக்களைப்போல் தலைப்பாகை அணியுமாறு மன்னர் அஜித்சிங் சுவாமிஜியை வேண்டினார். அதைக் கட்டும் முறையையும் காட்டினார். பின்னாளில் உலகமே விவேகானந்தரின் அடையாளமாகக் கண்ட தலைப்பாகை, பாலைவனத்தின் வெப்பத்திலிருந்து பிறந்தது! அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை சுவாமிஜி கேத்ரியில் தங்கினார். மன்னருக்கு அறிவியல் கற்பித்தார். தாமோ அரசவைப் பண்டிதரிடம் மாணவராக அமர்ந்து பாணினியின் இலக்கணத்திற்கான பதஞ்சலி மகாபாஷ்யத்தைப் பயின்றார்.

பசித்தவரைக் கண்டவர் ஒருவரே

ராஜபுதனத்தின் ரயில் நிலையம் ஒன்றில் நிகழ்ந்த சம்பவம் சுவாமிஜியின் உள்ளத்தில் அழியாத தடம் பதித்தது. அங்கு அவரைக் காண மக்கள் திரள்திரளாக வந்தனர். இரவு பகல் பாராமல் கேள்விகள் கேட்டனர். சுவாமிஜியும் சளைக்காமல் விடையளித்தார். மூன்று நாட்கள் இவ்வாறு கடந்தன. ஆத்மாவைப் பற்றியும் முக்தியைப் பற்றியும் கேட்டவர்களுள் ஒருவருக்கேனும் இந்தத் துறவி உணவருந்தினாரா என்று கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் இரவு எல்லோரும் சென்றபின் ஏழை ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். செருப்புத் தைக்கும் தொழிலைச் செய்பவர் அவர். தீண்டத்தகாதவர் என்று ஊரால் ஒதுக்கப்பட்டவர். மூன்று நாட்களாகச் சுவாமிஜி ஒரு வாய் நீர்கூட அருந்தாமல் பேசிக்கொண்டிருப்பதைக் கண்டு தம் உள்ளம் வேதனைப்படுவதாக அவர் கூறினார். தாம் சமைத்ததைத் தருவது முறையல்ல. மாவும் பருப்பும் கொண்டுவந்தால் சுவாமிஜியே சமைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். சமைத்த ரொட்டியையே கொண்டுவருமாறு சுவாமிஜி கேட்டார். அவருக்கோ அச்சம். செய்தி வெளியே தெரிந்தால் மன்னர் தண்டிப்பாரே! அவ்வாறு நேராது என்று சுவாமிஜி தைரியம் கூறினார். அவர் ரொட்டி கொண்டுவந்தார். தேவேந்திரன் பொற்கலத்தில் அமிர்தம் கொண்டுவந்திருந்தாலும் அந்தச் சுவை இருந்திருக்குமா என்று சுவாமிஜி எண்ணினார். அவரது கண்களில் நீர் பெருகியது. இத்தகைய உள்ளங்கள் ஆயிரக்கணக்கில் எளிய குடிசைகளில் வாழ்கின்றன. நாமோ அவர்களைத் தாழ்ந்தவர்கள் என்று வெறுத்து ஒதுக்குகிறோம் என்று அவர் மனம் கலங்கியது.

அதைக் கண்ட பெரிய மனிதர்கள் சிலர் சுவாமிஜியைக் குறை கூறினர். மூன்று நாட்கள் தம்மைப் பேசவைத்தவர்கள் தமது பசியை நினைக்கவில்லை; நினைத்தவரைத் தாழ்ந்தவர் என்பது என்ன நியாயம் என்று அவர் திருப்பிக் கேட்டார். மணல் நிறைந்த நிலம் மட்டும் பாலைவனம் அல்ல. அன்பு வற்றிய அறிவும் பாலைவனமே. அந்தப் பாலையில் கிணற்றுத் தூணாக நின்றவர் ஊரால் ஒதுக்கப்பட்ட அந்த ஏழை. இது சுவாமிஜி கற்ற முதல் பாடம்.

கானல் நீர்

1891-இன் இறுதியில் சுவாமிஜி குஜராத்தை அடைந்தார். அடுத்த சில மாதங்களில் லிம்டி, ஜூனாகட், போர்பந்தர், துவாரகை, கட்ச் பகுதியின் மாண்ட்வி, நாராயண சரோவரம் என்று அவரது யாத்திரை தொடர்ந்தது. கட்ச் விசித்திரமான நிலம். அங்குள்ள 'ரண்' மழைக்காலத்தில் நீரில் மூழ்கும். நீர் வற்றியபின் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெண்ணிற உப்புப் படிவமாகக் காட்சி தரும். மரமில்லை, நிழலில்லை.

வழியில் கொள்ளையர் அச்சமும் இருந்தது. சுவாமிஜியின்மீது கொண்ட அன்பால், அவரது சொல்லையும் மீறிப் பின்தொடர்ந்து வந்த சுவாமி அகண்டானந்தர் அதை நேரில் அனுபவித்தார். ஒவ்வோர் ஊரிலும் சுவாமிஜி சில நாட்களுக்கு முன்னர்தான் புறப்பட்டுச் சென்றார் என்ற செய்தியே அவருக்குக் கிடைத்தது. நாராயண சரோவரம் செல்லும் வழியில் கொள்ளையரிடம் சிக்கி உயிர் தப்பினார். இறுதியில் மாண்ட்வியில் சுவாமிஜியைக் கண்டார். தம்மைத் தனியே விடுமாறு சுவாமிஜி வேண்ட, தரிசனமே போதும் என்று அகண்டானந்தர் மனநிறைவுடன் விலகிச் சென்றார்.

மேற்குக் கடலோரத்தின் பாலை நிலத்தில் நடந்த நாட்களைப் பற்றிச் சுவாமிஜி பிற்காலத்தில் மேலைநாட்டுச் சொற்பொழிவு ஒன்றில் விவரித்துள்ளார். நாள்தோறும் அவர் நடந்து சென்றார். நாள்தோறும் தொலைவில் அழகிய ஏரிகள் தெரிந்தன. கரையில் மரங்கள், அவற்றின் நிழல்கள் நீரில் தலைகீழாக அசைந்தன. இத்தகைய நாட்டைப் பாலைவனம் என்கிறார்களே என்று வியந்தபடியே அவர் நடந்தார். ஏறக்குறைய ஒரு மாதம் இவ்வாறு கழிந்தது. ஒருநாள் கடும் தாகம். தெளிந்த ஏரி ஒன்றை நோக்கிச் சென்றார். நெருங்கியதும் ஏரி மறைந்தது! வாழ்நாள் முழுவதும் நூல்களில் படித்துவந்த கானல் நீர் இதுவே என்று அந்தக் கணத்தில்தான் அவருக்குப் புலப்பட்டது.

கானல் நீர் என்பது கண்ணின் நோயன்று. சுடுமணலை ஒட்டிய காற்று மிகவும் சூடேறி அடர்த்தி குறைகிறது. மேலிருந்து சாய்வாக வரும் ஒளி அதில் வளைந்து கண்ணை அடைகிறது. வானத்தின் பிம்பமே தரையில் நீராகத் தோன்றுகிறது. தமிழில் இதற்குப் 'பேய்த்தேர்' என்று பெயர். தாகத்தால் மானை அலையவைப்பதால் வடமொழியில் 'மிருக திருஷ்ணா'. உலகின் இயல்பை விளக்க வேதாந்த ஆசாரியர்கள் காலங்காலமாக எடுத்தாண்ட உவமை இது.

மறுநாள் காலையில் சுவாமிஜி மீண்டும் நடந்தார். மீண்டும் ஏரி தோன்றியது. அதே கரை, அதே மரங்கள், அதே நிழல்கள். ஆனால் இப்போது ஒரு மாற்றம். இது கானல் நீர் என்ற அறிவும் உடன் தோன்றியது. காட்சி மறையவில்லை, அதன் ஏமாற்றும் ஆற்றல் மறைந்தது. உலகக் காட்சியும் இவ்வாறே. ஒருமுறை உண்மையை உணர்ந்தவருக்கும் உடல் உள்ளவரை உலகம் தோன்றிக்கொண்டுதான் இருக்கும். இன்பமும் துன்பமும் வந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் அவை அவரை அடிமைப்படுத்த முடியாது. ஜீவன்முக்தியின் இலக்கணத்தை இதைவிட எளிதாக விளக்க முடியுமா? இது அவர் கற்ற இரண்டாம் பாடம்.

பெங்களூரில் ஒரு சோதனை

பம்பாய், பூனா, பெல்காம், கோவா வழியாக 1892-இன் பிற்பகுதியில் சுவாமிஜி பெங்களூரை அடைந்தார். அனல் காற்றும் உப்பு மண்ணும் நிறைந்த நாட்டைக் கடந்து வந்தவருக்கு, குளிர்ந்த காற்றும் மரங்களும் நிறைந்த அந்த உயர்நிலத்து நகரம் மற்றோர் உலகமாக இருந்திருக்கும். தொடக்கத்தில் அவரை யாரும் அறியவில்லை. விரைவில் மைசூர் சமஸ்தானத்தின் திவான் கே. சேஷாத்ரி ஐயரின் கவனம் அவர்மீது விழுந்தது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, 1883 முதல் திவானாக விளங்கிய அறிஞர் அவர். சுவாமிஜியின் ஞானத்தை உடனே உணர்ந்து, தமது விருந்தினராக ஏற்றார். அவர் மூலம் மன்னர் சாமராஜேந்திர உடையாரின் நட்பும் கிடைத்தது.

கதவில்லாத குகையில் வாழ்ந்தவரை அரண்மனை வரவேற்றது. மன்னர் அவரது குரலை ஒலிப்பதிவுக் கருவியில் பதிவு செய்தார். அவரது பாதங்களை வழிபடவும் விரும்பினார். பரிசுகளை வாரி வழங்க முன்வந்தார். திவானோ தமது செயலாளரைச் சுவாமிஜியுடன் கடைவீதிக்கு அனுப்பி, அவர் விரும்பும் எதையும் வாங்கித் தருமாறு பணித்தார். குழந்தையைப்போல் கடைகளிலுள்ள பொருட்களையெல்லாம் பார்த்து மகிழ்ந்த சுவாமிஜி, முடிவில் வாங்கிக்கொண்டது ஒரே ஒரு சுருட்டு. விடைபெறும்போது திவான் பணக்கட்டு ஒன்றை அவரிடம் திணிக்க முயன்றார். அதை மறுத்து, கொச்சி செல்லும் வழிக்கு ஓர் இரண்டாம் வகுப்பு ரயில் சீட்டை மட்டும் சுவாமிஜி ஏற்றார். மன்னரிடமிருந்து அவர் பெற்றதும் உலோகம் கலவாத ஒரு புகைக்குழாய் மட்டுமே.

அரண்மனையை அவர் வெறுக்கவில்லை, அதன் அழகை ரசித்தார், அன்பை ஏற்றார். காட்சி அங்கேயே இருந்தது. ஆனால் அதை நோக்கி ஓடத் தூண்டும் தாகம் அவரிடம் இல்லை. பாலைவனத்தில் பெற்ற அறிவு அரண்மனையில் பலித்தது!

முதல் பாடமும் பெங்களூரில் பலனளித்தது. அங்கு சுவாமிஜியைச் சந்தித்தவர்களுள் டாக்டர் பத்மநாபன் பல்ப்பு ஒருவர். சுவாமிஜி பிறந்த அதே 1863-இல் பிறந்தவர். மருத்துவம் பயின்று தேர்ந்தும், ஈழவர் என்ற காரணத்தால் சொந்தத் திருவிதாங்கூரில் அரசுப் பணி மறுக்கப்பட்டு, மைசூர் சமஸ்தானத்தில் பணியாற்றி வந்தார். தமது சமூகம் அனுபவிக்கும் இழிவுகளை அவர் சுவாமிஜியிடம் எடுத்துரைத்தார். ராஜபுதனத்து ரயில் நிலையத்தில் ரொட்டி தந்த கைகளைச் சுவாமிஜி மறந்திருப்பாரா? ஆன்மிகத்தை அடித்தளமாகக் கொண்டு, தம் மக்களிடையே தோன்றிய மகான் ஒருவரின் தலைமையில் சமூகத்தை எழுப்புமாறு அவர் பல்ப்புவுக்கு வழிகாட்டினார். 1903-இல் ஸ்ரீ நாராயண குருவைத் தலைவராகக் கொண்டு ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் உருவானபோது, அதன் முக்கியச் சிற்பியாக விளங்கியவர் டாக்டர் பல்ப்பு.

குமரிமுனையும் சரக்குப் பெட்டியும்

கேரளம் வழியாக 1892 டிசம்பர் இறுதியில் சுவாமிஜி கன்னியாகுமரியை அடைந்தார். கடல் நடுவே பாறையில், கூரையின்றி, மூன்று நாட்கள் தியானத்தில் ஆழ்ந்தார். தனது முக்தியை நாடிப் புறப்பட்டவரின் தியானப் பொருள் அப்போது பாரதமாக இருந்தது. பசித்த மக்கள், ஒதுக்கப்பட்ட மக்கள், ஆயினும் பசித்தவனைக் கண்டு இரங்கும் மக்கள். அவர்களுக்கு என்ன செய்வது என்ற கேள்வியே அவரை 1893 மே 31-ஆம் நாள் பம்பாயில் கப்பலேற்றியது.

அந்த ஆண்டு செப்டம்பரில் சர்வமதப் பேரவைக்காகச் சிகாகோ வந்து இறங்கியபோது, செல்ல வேண்டிய முகவரி தொலைந்திருந்தது. மொழியும் நிறமும் தடையாகி, வழிகாட்ட யாரும் முன்வரவில்லை. ரயில் நிலையத்தின் சரக்குப் பகுதியில் கிடந்த காலிப் பெட்டி ஒன்றில் புகுந்து, இறைவனை நம்பி உறங்கினார். மறுநாள் வீடு வீடாகச் சென்று கேட்டும் பயனில்லை. களைத்துத் தெருவோரத்தில் அமர்ந்தார். எதிர் வீட்டிலிருந்து ஒரு கதவு திறந்தது. ஹேல் அம்மையார் அவரை அன்புடன் உள்ளே அழைத்தார். ராஜபுதனத்தில் அந்த ஏழையின் வடிவில் வந்த அருள், அமெரிக்காவில் ஒரு தாயின் வடிவில் வந்தது. செப்டம்பர் 11-ஆம் நாள் உலகம் அவரைக் கண்டுகொண்டது. அதற்கு முன் ஓர் இரவில் சரக்குப் பெட்டியில் படுத்தவரும், மேடையில் கைதட்டலின் நடுவே நின்றவரும் ஒருவரே. அவமதிப்பும் புகழும் ஆகிய இரண்டுமே கானல் நீர் என்பதை அறிந்தவர்.

நமக்குரிய பாலை

1902 ஜூலை 4-ஆம் நாள் சுவாமிஜி மகாசமாதி அடைந்தார். அவர் சென்னைக்கு அனுப்பிவைத்த சுவாமி ராமகிருஷ்ணானந்தரின் உழைப்பால் பெங்களூரில் 1904-இல் பணிகள் வேரூன்றின; பசவனகுடியில் எழுந்த மடத்தை 1909-இல் சுவாமி பிரம்மானந்தர் திறந்து வைத்தார். யாரும் அறியாத பிச்சைக்காரத் துறவியாகச் சுவாமிஜி நுழைந்த நகரத்தில், அவரது குருதேவருக்கு நிலையான ஆலயம் அமைந்தது.

நாம் அனைவரும் வீட்டைத் துறந்து பாலைவனத்தில் அலைய வேண்டியதில்லை. நமது அன்றாட வாழ்விலேயே பாலை உண்டு. தொலைவில் மின்னும் பதவி, பொருள், பாராட்டு ஆகிய ஏரிகளை நோக்கி ஓடி ஓடிக் களைக்கிறோம். அருகில் பசித்திருப்பவரைக் காணத் தவறுகிறோம். ஓட்டத்தை ஒரு கணம் நிறுத்தி, இது கானல் நீர் என்று உணர்வது விவேகம். அருகில் இருப்பவரிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்பது சேவை. விவேகமும் சேவையும் இணைந்ததே சுவாமிஜி நமக்கு விட்டுச்சென்ற பாதை. அந்தப் பாதையில் நாள்தோறும் ஓர் அடியேனும் எடுத்துவைக்க குருதேவரும் அன்னையும் சுவாமிஜியும் நமக்கு அருள்புரிவார்களாக!